‘பி’க்குள் ‘டிவ்’ ஏன் நிற்பதில்லை? வலைப்பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வலைப்பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியின் டேக்குகளில் எது பிளாக், எது இன்லைன் என்பது பற்றித்தான் கேட்கின்றன. அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: மேடம், ஒரு ஸ்பேன் டேக்குக்கு விட்த் (அகலம்) 200 பிக்சல், ஹைட் (உயரம்) 60 பிக்சல் கொடுத்தேன். பின்னணி நிறம் வருகிறது, அளவு மட்டும் மாறவே இல்லை. எங்கள் சார், “அது இன்லைன், அதற்கு அளவு கொடுக்க முடியாது” என்று சொல்லிவிட்டு, எது பிளாக், எது இன்லைன் என்ற பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னார். வேறு வழியே இல்லையா? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

உங்கள் சார் சொன்னது சரி. அதன் காரணத்தையும் தெரிந்துகொண்டால் பட்டியலை நெட்டுருப் போட வேண்டிய தேவையே வராது.

பிளாக் என்றால், தனக்குள் ஒரே ஒரு சொல் இருந்தாலும் புது வரியில் தொடங்கி, தன்னைச் சுமக்கும் பெட்டியின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். அடுத்து வருவது அதற்குக் கீழேதான் போகும். இன்லைன் அப்படியல்ல. எழுத்துகளோடு எழுத்தாக வரியில் ஓடும். இங்கேதான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. வரியில் இடம் தீர்ந்தால் இன்லைன் எலிமென்ட் நடுவில் உடைந்து, பாதி மேல் வரியிலும் மீதி கீழ் வரியிலும் நிற்கும். இரண்டாக, சில சமயம் மூன்றாக உடையக்கூடிய ஒன்றுக்கு 200 பிக்சல் அகலம் என்றால் எந்தத் துண்டுக்குக் கொடுப்பது? அதனால்தான் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் மொழியின் விதிகளில் விட்த்தும் ஹைட்டும் சாதாரண இன்லைன் எலிமென்ட்டுக்குப் பொருந்தாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மேல், கீழ் மார்ஜினுக்கும் (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி) பலன் இருக்காது. இடது, வலது மார்ஜினும் பேடிங்கும் (பெட்டிக்கு உள்ளே விடும் இடைவெளி) வேலை செய்யும். அளவும் வேண்டும், வரியிலும் நிற்க வேண்டும் என்றால் சிஎஸ்எஸ்ஸின் டிஸ்ப்ளே என்ற பண்பில் ‘இன்லைன்-பிளாக்’ கொடுங்கள். அது உடையாத ஒரே பெட்டி, அதனால் 200 பிக்சலை ஏற்றுக்கொள்ளும்.

சரி, யார் இதை முடிவு செய்கிறார்கள்? கணினியில் குரோமைத் திறந்து, ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு டிவ்வின் (பொதுவான பெட்டிக்கான டேக்) மேல் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ கொடுங்கள். ‘ஸ்டைல்ஸ்’ பகுதியில் கீழே போனால் ‘டிஸ்ப்ளே: பிளாக்’ என்று ஒரு வரி இருக்கும், அதன் ஓரத்தில் சாய்ந்த எழுத்தில் ‘யூசர் ஏஜென்ட் ஸ்டைல்ஷீட்’ என்று போட்டிருக்கும். அதாவது டிவ் பிறவியிலேயே பிளாக் இல்லை. பிரௌசர் தன்னிடம் வைத்திருக்கும் ஸ்டைல்ஷீட்தான் அதைப் பிளாக் ஆக்குகிறது. இப்போது ஒரு ஸ்பேனைப் பாருங்கள். அப்படி ஒரு வரியே இருக்காது. சிஎஸ்எஸ்ஸில் டிஸ்ப்ளேயின் தொடக்க மதிப்பே இன்லைன்தான், யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எல்லாமே இன்லைன். என் வகுப்பில் டேக் பெயரைத் தப்பாக அடித்துவிட்டு, “பெட்டி ஏன் சுருங்கிப்போச்சு?” என்று கேட்பார்கள். பிரௌசருக்குத் தெரியாத பெயர், அதற்கு ஸ்டைல் எதுவும் இல்லை, ஆகவே இன்லைன். காரணம் அவ்வளவுதான். நீங்களே பெயர் வைத்து உருவாக்கும் கஸ்டம் எலிமென்ட்டுக்கும் இதே நிலைதான். அதற்கு நீங்கள்தான் பிளாக் என்று எழுத வேண்டும்.

தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1999இல் வந்த எச்டிஎம்எல் 4.01இல் பிளாக், இன்லைன் என்ற பிரிவு எச்டிஎம்எல்லின் இலக்கணத்திலேயே இருந்தது. 2014இல் வந்த எச்டிஎம்எல் 5இல் அது இல்லை. எதற்குள் எது வரலாம் என்பதை ஃப்ளோ (பக்கத்தின் உடலில் பொதுவாக வருபவை), ஃப்ரேசிங் (பத்திக்குள் எழுத்தோடு வருபவை) போன்ற வகைகள் சொல்கின்றன. எது எப்படித் தெரிய வேண்டும் என்பது முழுக்க சிஎஸ்எஸ்ஸின் வேலையாகிவிட்டது. பாடப் புத்தகங்கள் பழைய பிரிவையே இன்னும் வைத்திருக்கின்றன. தேர்வில் கேட்டதை எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்று பிரித்துப் பாருங்கள். அடுத்த கடிதத்தில் அதுதான் பிரச்சினையே.

கேள்வி: எங்கள் பள்ளியின் வலைப்பக்கத்தில் அறிவிப்புக்கு, பத்தியைக் குறிக்கும் ‘பி’ டேக் ஒன்று போட்டு மஞ்சள் பின்னணி கொடுத்தேன். நடுவில் தேர்வு நேரத்தை ஒரு டிவ்வில் வைத்து, அதற்குப் பின் “மாணவர்கள் 9 மணிக்கு வந்துவிட வேண்டும்” என்று முடித்திருக்கிறேன். முதல் வாக்கியத்துக்கு மட்டும் மஞ்சள் வருகிறது. டிவ்வுக்கும் கடைசி வாக்கியத்துக்கும் வரவில்லை. கீழே காரணமில்லாத ஓர் இடைவெளி வேறு. டிவ் பிளாக் என்பதால்தான் என்று நினைத்து அதை இன்லைன் ஆக்கிப் பார்த்தேன். அப்போதும் அப்படியேதான் இருக்கிறது. (ஆசிரியர், விருதுநகர்)

சார், இந்தக் கேள்விக்காகத் தனியே ஒரு நன்றி. நீங்கள் டிவ்வை இன்லைன் ஆக்கிப் பார்த்தது சரியான சோதனை. அது பலிக்காமல் போனதே, கோளாறு சிஎஸ்எஸ்ஸில் இல்லை என்று காட்டிவிட்டது.

பிரௌசர் முதலில் எச்டிஎம்எல்லை எழுத்து எழுத்தாக வாசித்து ஒரு மரம் கட்டும். எதற்குள் எது இருக்கிறது என்ற மரம். அதை வைத்துத்தான் சிஎஸ்எஸ் பெட்டிகள் போடும். ‘பி’ டேக்கை மூடாமல் விட எச்டிஎம்எல்லில் இன்றும் அனுமதி உண்டு. மூடாத பத்தி எங்கே முடிகிறது என்று பிரௌசருக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு விதி இருக்கிறது. திறந்த ‘பி’க்குள் இன்னொரு ‘பி’யோ, டிவ்வோ, எச்1 முதல் எச்6 வரையிலான தலைப்போ, யூஎல், ஓஎல் பட்டியலோ, ஃபார்மோ, செக்‌ஷனோ, ஃபிகரோ வந்தால், “பத்தி இங்கே முடிந்தது” என்று அது மூடிவிடும். உங்கள் சிஎஸ்எஸ் என்ன சொல்கிறது என்று அது கேட்பதே இல்லை, பெயரை மட்டும்தான் பார்க்கும்.

உங்கள் அறிவிப்பை இதில் ஓட்டிப் பாருங்கள். மஞ்சள் ‘பி’ திறக்கிறது, முதல் வாக்கியம் வருகிறது. டிவ்வைக் கண்டதும் ‘பி’ மூடப்படுகிறது. டிவ் வெளியே நிற்கிறது. கடைசி வாக்கியமும் வெளியே, எந்தப் பத்தியிலும் சேராமல் வெறும் எழுத்தாகக் கிடக்கிறது. அதற்குப் பின் நீங்கள் எழுதிய ‘பி’யின் மூடும் டேக் வருகிறது. மூடுவதற்குத் திறந்த ‘பி’ எதுவும் இல்லை. வேறு டேக்காக இருந்தால் பெரும்பாலும் பிரௌசர் அதைத் தூக்கி எறிந்துவிடும். ‘பி’க்குத் தனி விதி: ஒரு காலி ‘பி’யைப் புதிதாக உண்டாக்கி உடனே மூடிவிடும். எழுதாத இடத்தில் ஒரு காலிப் பத்தி முளைப்பது இதனால்தான். உங்கள் ஸ்டைல்ஷீட் எல்லாப் பத்திகளுக்கும் பேடிங்கோ குறைந்தபட்ச உயரமோ கொடுத்திருந்தால், அல்லது அந்தக் காலிப் பத்தியின் மார்ஜின் சுற்றியிருப்பவற்றைத் தள்ளினால், நீங்கள் சொன்ன இடைவெளி வந்துவிடும். இன்ஸ்பெக்டில் ‘எலிமென்ட்ஸ்’ பகுதியைத் திறந்தால் அந்தக் காலி ‘பி’யைக் கண்ணால் பார்க்கலாம். ‘வியூ சோர்ஸ்’ நீங்கள் எழுதியதைக் காட்டும். ‘எலிமென்ட்ஸ்’ பிரௌசர் புரிந்துகொண்டதைக் காட்டும். இரண்டும் வேறுபட்டால் கோளாறு மரத்தில் இருக்கிறது.

தீர்வு: வெளியே இருக்கும் ‘பி’யை டிவ் ஆக்குங்கள். மஞ்சளை அதற்குக் கொடுங்கள். உள்ளே முதல் வாக்கியத்துக்கு ஒரு ‘பி’, தேர்வு நேரத்துக்கு ஒரு டிவ், கடைசி வாக்கியத்துக்கு ஒரு ‘பி’. வெளியே ‘பி’தான் வேண்டுமென்றால் உள்ளே இருப்பதை ஸ்பேன் ஆக்கி, அதற்கு ‘டிஸ்ப்ளே: பிளாக்’ கொடுக்கலாம். மரத்தில் அது வெறும் ஸ்பேன், அதனால் ‘பி’ மூடாது. திரையில் மட்டும் தனிப் பெட்டியாக நிற்கும். ஆனால் அந்த அறிவிப்பில் இருப்பது இரண்டு பத்தியும் ஒரு நேரப் பட்டியலும். அதை அப்படியே சொல்லும் முதல் வழியைத்தான் நான் விரும்புவேன்.

ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்டில் பக்கங்களைக் கட்ட உதவும் கருவி) கற்கும் மாணவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ‘பி’க்குள் டிவ் வைத்தால் பிரௌசரின் கன்சோலில் (பிழைகளைக் காட்டும் பகுதி) சிவப்பில் எச்சரிக்கை வரும். “திரையில் நன்றாகத்தானே தெரிகிறது” என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் வழியாக ஒவ்வோர் எலிமென்ட்டாகச் சேர்க்கும்போது, வாசித்து மரம் கட்டும் வேலையே நடப்பதில்லை, அதனால் ‘பி’க்குள் டிவ் நின்றுவிடும். அதே பக்கத்தை சர்வரில் எச்டிஎம்எல்லாகத் தயாரித்து அனுப்பினால் பிரௌசர் வாசிக்கும், ‘பி’யை மூடும், ரியாக்ட் எதிர்பார்த்த மரமும் பிரௌசர் கட்டிய மரமும் பொருந்தாது. அந்தச் சிவப்பு எழுத்து சும்மா வரவில்லை.

கேள்வி: பட்டன் டேக் பிளாக்கா, இன்லைனா? நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். (வேலை தேடும் இளைஞர், மதுரை)

பிரௌசர்கள் அதற்கு இன்லைன்-பிளாக் கொடுத்திருக்கின்றன. வரியில் நிற்கும், அகலமும் உயரமும் ஏற்கும். எங்கே வைக்கலாம் என்று கேட்டால் அது ஃப்ரேசிங் வகை, எனவே ‘பி’க்குள் தாராளமாக வரலாம். இரண்டையும் பிரித்துச் சொன்னால் கேட்டவருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

கேள்வி: அப்பா கடைக்காக யாரோ பல வருடங்களுக்கு முன் செய்து கொடுத்த பக்கம் ஒன்று இருக்கிறது. சேலைப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அழகாக இருந்தன. அந்தப் பக்கத்தின் முதல் வரியில், இது எச்டிஎம்எல் பக்கம் என்று அறிவிக்கும் டாக்டைப் இல்லை என்று பார்த்துச் சேர்த்தேன். உடனே ஒவ்வொரு படத்துக்கும் கீழே நாலைந்து பிக்சல் வெள்ளைக் கோடு வந்துவிட்டது. மார்ஜின், பேடிங் எல்லாவற்றையும் பூஜ்யம் ஆக்கியும் போகவில்லை. டாக்டைப்பை எடுத்துவிடலாமா? (ஜவுளிக் கடைக்காரர் மகன், ஈரோடு)

எடுக்காதீர்கள் தம்பி. நீங்கள் சேர்த்ததுதான் சரி. அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

பட டேக் இன்லைன். அதற்கு அகலமும் உயரமும் கொடுக்க முடியும் என்பதால் பலர் அதைப் பிளாக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். படம் வெளியிலிருந்து வந்து உட்காரும் பொருள், தனக்கென அளவு உள்ளது, நடுவில் உடையாது. ஆகவே அதற்கு அளவு செல்லும். ஆனால் வரியைப் பொறுத்தவரை படம் ஒரு பெரிய எழுத்து, அவ்வளவுதான். எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டில்தான் அதன் அடியும் நிற்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் இடம் எப்போதும் இருக்கும். ‘பு’, ‘சு’, ‘வு’ போன்ற எழுத்துகளில் கீழே இறங்கும் பகுதிக்கு, ஆங்கிலத்தில் ஜி, பி, ஒய்யின் சிறிய எழுத்துகளின் வாலுக்கு அந்த இடம் வேண்டும். உங்கள் வரியில் எழுத்தே இல்லாவிட்டாலும் அந்த இடத்தை பிரௌசர் விட்டுவைக்கும். அந்த வெள்ளைக் கோடு அதுதான். நம்ப முடியாவிட்டால் படத்தைச் சுமக்கும் டிவ்வின் எழுத்தளவைப் பெரிதாக்கிப் பாருங்கள், கோடும் தடிக்கும். மார்ஜினும் பேடிங்கும் அதற்குச் சம்பந்தமே இல்லாததால்தான் பூஜ்யம் ஆக்கியும் போகவில்லை.

டாக்டைப் இல்லாத பக்கத்தை பிரௌசர்கள் பழைய காலத்து முறையில், ‘குவிர்க்ஸ் மோட்’ என்று சொல்வார்கள், அதில் வரையும். எழுத்தில்லாமல் படம் மட்டும் இருக்கும் வரியில் இந்த இடத்தை விடாமல் இருப்பது அந்த மோடின் வழக்கங்களில் ஒன்று. நீங்கள் டாக்டைப் சேர்த்ததும் பக்கம் இன்றைய முறைக்கு வந்துவிட்டது, வரி வரிக்குரிய மாதிரி நடந்துகொள்கிறது. படத்துக்கு ‘டிஸ்ப்ளே: பிளாக்’ கொடுங்கள், கோடு மறைந்துவிடும். படங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் அப்படிக் கொடுக்க முடியாது. அப்போது ‘வெர்ட்டிகல்-அலைன்: பாட்டம்’ போதும்.

கேள்வி: அக்கா, நான் பழைய பாடல்களுக்கு உரை எழுதிப் பதிவேற்றுகிறேன். முக்கியமான தொடர்களை ஸ்பேன் போட்டு, வெளிர் பச்சைப் பின்னணியும் நாலு பக்கமும் 10 பிக்சல் பேடிங்கும் கொடுத்தேன். பச்சை நிறம் மேல் வரி எழுத்துகளை மறைக்கிறது. தொடர் இரண்டு வரியாக மடங்கினால் ஓரங்கள் வெட்டுப்பட்ட மாதிரி இருக்கிறது. (வாசகி, யாழ்ப்பாணம்)

இன்லைனுக்கு மேலும் கீழும் கொடுக்கும் பேடிங் வரையப்படும், ஆனால் இடம் கேட்காது. வரியின் உயரம் அதனால் ஒரு பிக்சல்கூடக் கூடாது. அதனால்தான் உங்கள் பச்சை பக்கத்து வரிகளின் மேல் போய் விழுகிறது. வரிகளைத் தள்ளிவைக்க லைன்-ஹைட்தான் வழி. தமிழுக்கு மேலே புள்ளியும் விலங்கும், கீழே இறங்கும் உகரமும் உண்டு. ஆங்கிலப் பக்கங்களைப் பார்த்து 1.2, 1.3 என்று வைத்தால் மூச்சு முட்டும். நான் உரைநடைக்கு 1.7 வைக்கிறேன், உங்கள் பாடல் பக்கத்துக்கு 2 வரை போகலாம். பிக்சல் போடாமல் வெறும் எண்ணாகக் கொடுங்கள். மேல், கீழ் பேடிங்கை 2 பிக்சலுக்குக் குறைத்துவிடுங்கள்.

ஓரம் வெட்டுப்படுவதற்குக் காரணம், முதல் பதிலில் சொன்ன உடைதல்தான். பிரௌசர் அந்த ஸ்பேனுக்கு ஒரே நீளப் பெட்டி போட்டு, வரி முடியும் இடத்தில் நறுக்கிவிடுகிறது. இடப் பக்கத்துப் பேடிங் முதல் துண்டுக்கும், வலப் பக்கத்துப் பேடிங் கடைசித் துண்டுக்கும்தான் போகும். ‘பாக்ஸ்-டெகரேஷன்-பிரேக்: குளோன்’ என்று ஒரு வரி சேர்த்தால் ஒவ்வொரு துண்டுக்கும் முழு ஓரம் கிடைக்கும். சஃபாரிக்காக அதையே ‘வெப்கிட்’ முன்னொட்டோடு இன்னொரு முறை எழுதுங்கள். தயவுசெய்து இன்லைன்-பிளாக் மட்டும் வேண்டாம். நீளமான தொடர் அப்போது உடையாத பெட்டியாகி, மேல் வரியில் பாதி இடத்தைக் காலியாக விட்டுக் கீழே குதிக்கும். கைபேசியில் உங்கள் பாடல் வரிகள் சிதைந்துபோகும்.

ஸ்பேன் பற்றி உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு செய்தி. 1997 ஜனவரியில், ஆங்கிலம் அல்லாத மொழிகளுக்கு எச்டிஎம்எல்லை விரிவாக்க வெளியான ஆர்எஃப்சி 2070 என்ற இணைய விதி ஆவணத்தில் ஸ்பேன் வந்தது. வரி நடுவே மொழி மாறும் இடத்தைக் குறிக்க, வேறு பொருள் எதுவும் இல்லாத ஓர் உறை தேவைப்பட்டது. நிறம் பூசுவதற்கு மட்டும் அதை நாம் பயன்படுத்துவது எனக்கு வருத்தம்தான். உங்கள் உரையில் சமஸ்கிருத மேற்கோளோ ஆங்கிலத் தொடரோ வந்தால் அதை ஸ்பேனில் வைத்து ‘லாங்’ பண்புக்கூறில் மொழியைக் குறியுங்கள். திரை வாசிப்பான் வைத்திருக்கும் பார்வையற்ற வாசகருக்கு அந்தத் தொடர் அதன் சொந்த உச்சரிப்பில் கேட்க அது உதவும்.

கேள்வி: படம், தலைப்பு, விலை எல்லாம் உள்ள முழுப் பெட்டியையும் ஒரே லிங்க்காக ஆக்கலாமா? ‘ஏ’ டேக் இன்லைன் ஆயிற்றே? (வாசகர், கோவை)

ஆக்கலாம். எச்டிஎம்எல் 4.01இல் கூடாது, எச்டிஎம்எல் 5இல் கூடும். ‘ஏ’ எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் அனுமதிக்கப்பட்டவை அதற்குள்ளும் வரலாம். ஆனால் ‘பி’க்குள் இருக்கும் ‘ஏ’வுக்குள் டிவ் வைத்தால் விருதுநகர் சாருக்கு நேர்ந்ததுதான் நேரும். உள்ளே இன்னொரு லிங்க்கோ பட்டனோ வைக்கக் கூடாது. அப்புறம், ‘ஏ’வுக்கு ‘டிஸ்ப்ளே: பிளாக்’ கொடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பார்டரும் பின்னணியும் பெட்டியைச் சுற்றி வராமல் எங்கெங்கோ துண்டாக நிற்கும்.

கேள்வி: இப்போது எல்லோரும் பெட்டிகளை அடுக்க ஃப்ளெக்ஸ், கிரிட் என்ற டிஸ்ப்ளே மதிப்புகளைச் சொல்கிறார்கள். பிளாக், இன்லைன் இனி தேவையா? ஃப்ளெக்ஸ் போட்டதும் என் ஸ்பேன்கள் அகலம் ஏற்கின்றன, அதனால் கேட்கிறேன். (பயிற்சியில் இருப்பவர், சென்னை)

தேவை. உங்கள் ஸ்பேன் அகலம் ஏற்கக் காரணமே அதுதான். ஒரு பெட்டிக்கு ஃப்ளெக்ஸ் கொடுத்தால் அதன் நேரடிக் குழந்தைகள் எல்லாம் பிளாக் ஆகிவிடும். இன்ஸ்பெக்டில் ‘கம்ப்யூட்டட்’ பகுதியைப் பாருங்கள், ஸ்பேனின் டிஸ்ப்ளேயில் பிளாக் என்றே இருக்கும். ஃப்ளோட் கொடுத்தாலும், பொசிஷன் அப்சல்யூட் கொடுத்தாலும் இப்படித்தான் மாறும்.

இதைத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது, என்னிடம் வரும் பக்கங்களில் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு பத்தியில் “இன்று மட்டும்”, அதன்பின் தடித்த எழுத்துக்கான ஸ்ட்ராங் டேக்கில் “ரூ.1,450”, அதன்பின் “விலையில் கிடைக்கும்” என்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஐகான் வேண்டும் என்பதற்காக அந்தப் பத்திக்கே ஃப்ளெக்ஸ் போடுகிறார்கள். வாக்கியம் மூன்று தனிப் பெட்டிகளாகிவிடும். ஸ்ட்ராங் ஒரு பெட்டி, அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் வெறும் எழுத்துகள் ஆளுக்கொரு பெயரில்லாப் பெட்டி. சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளி காணாமல் போய் “மட்டும்ரூ.1,450விலையில்” என்று ஒட்டும். கணினியில் அது கண்ணில் படாமலும் போகலாம். கைபேசியில் பார்த்தால் ஒரே வாக்கியம் மூன்று குறுகிய பத்திகளாக ஒன்றன் பக்கத்தில் ஒன்று மடங்கி நிற்கும், யாராலும் வாசிக்க முடியாது. வாக்கியம் முழுவதையும் ஒரே ஸ்பேனுக்குள் வையுங்கள். ஃப்ளெக்ஸுக்கு அப்போது இரண்டே குழந்தைகள்: ஐகான் ஒன்று, ஸ்பேன் ஒன்று. ஸ்பேன் பிளாக் ஆகும், அதற்குள் இருக்கும் ஸ்ட்ராங் இன்லைனாகவே இருந்து வாக்கியத்தோடு ஓடும்.